இன்னும் வரலண்ணே

ஜனவரி 19, திங்கள்

அண்ணனுக்கு இன்று மதுரையில் ரத்தம் எடுத்தார்கள். அண்ணன், மதினி, நான் என்று மூன்று பேர் போனோம். மகள் தென்றலை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன். நான் திரும்பி வரும்வரை அழவே இல்லையாம். மூன்று வயதுப் பிள்ளை அழவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

டிசம்பர் 19இல் பெருங்குடல் கட்டியை வெட்டி எடுத்தார்கள். இன்றோடு ஒரு மாதம். அண்ணனுக்கு முப்பத்தேழு வயதுதான் ஆகிறது. உத்தமபாளையத்தில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். ஒரு மாதம் கடை பூட்டியிருந்ததுதான் அவனுக்கு ஆப்பரேஷனைவிடப் பெரிய வலி.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "கண்ணுக்குத் தெரிஞ்சத எடுத்தாச்சு தவசி. கண்ணுக்குத் தெரியாம எங்கயாவது கொஞ்சம் மிச்சம் கிடந்தா, அது தன்னோட டி.என்.ஏ துணுக்குகள ரத்தத்துல உதிர்த்துக்கிட்டே இருக்கும். உங்க கட்டியோட அடையாளம் எங்ககிட்ட இருக்கு. அதை வச்சு ரத்தத்துல தேடுவாங்க. இல்லேன்னா கீமோ வேண்டாம், ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டு வரலாம். இருந்துச்சுன்னா ஆப்பரேஷன் ஆன எட்டு வாரத்துக்குள்ள கீமோவ ஆரம்பிச்சிரணும்."

"மெகர் வச்சுப் பாக்குறமாதிரிங்களா?" என்றான் அண்ணன்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினான். "மோட்டாரு நல்லாத்தான் ஓடும். தொட்டுப் பாத்தா சூடு இருக்காது, சத்தம் இருக்காது. ஆனா உள்ள ஒரு சுத்துல இன்சுலேசன் போயிருக்கும். மெகர்ப் பெட்டிய வச்சா முள்ளு காட்டிக் குடுத்துரும். பாக்காம விட்டா நாலு மாசத்துல மொத்தமா எரிஞ்சு வரும்."

"அதேதான். இனிமே நானும் எல்லார்கிட்டயும் இப்படியே சொல்றேன்" என்று சிரித்தார்.

ரத்தம் எடுக்கிற இடத்தில், ரிப்போர்ட்டை எந்த நம்பருக்கு அனுப்ப என்று கேட்டார்கள். அண்ணன் என்னைக் கை காட்டினான். "எந்தங்கச்சி நம்பரப் போட்டுக்கங்க. அது காலேசு படிச்சது. எனக்கு வந்தா நான் அதத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் வாசிக்க ஆள் தேடணும்." மதினியும் தலையை ஆட்டினாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரத்துக்குள் வருமாம்.

ஜனவரி 24, சனி

காதுகுத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பிப்ரவரி 22, ஞாயிறு, புகுந்த வீட்டுக் குலதெய்வக் கோயிலில். மொட்டை, காதுகுத்து, கெடா வெட்டு எல்லாம் ஒரே நாளில். இரண்டு தடவை தள்ளிப்போனது. முதல் தடவை மாமனார் இறந்த வருஷம். இரண்டாவது தடவை அண்ணனுக்கு ஆப்பரேஷன். தென்றல் தலையில் சாமி முடி இடுப்புவரை தொங்குகிறது. தலைக்கு ஊற்றினால் காய்வதற்குள் சளி பிடித்துக்கொள்கிறது.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "எம்மருமக காதுக்கு எம்மடியில்லாம எவன் மடி? வயித்துல தையலே பிரிஞ்சாலும் வந்து ஒக்காந்துருவேன்" என்றான்.

என் வீட்டுக்காரர் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார். தாய்மாமன் பெயர் பெரிய எழுத்தில் வரவேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஒரே நாசம். தென்றல் பென்சிலை மூக்கில் விட்டுக்கொண்டாள், எடுத்தாச்சு.

ரிப்போர்ட் வந்தது.

பிப்ரவரி 4, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

நான்கு பக்கம். முதல் பக்கத்திலேயே சிவப்புக் கட்டத்துக்குள் 'டிடெக்டட்' என்று போட்டிருக்கிறது. மற்றதெல்லாம் எண்கள். நான் பி.எஸ்சி. விலங்கியல். டி.என்.ஏவை முறுக்கின ஏணி மாதிரி நான்கு கலர் பென்சிலால் வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கினவள். அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை வாசித்தாலும் வேறு அர்த்தம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அண்ணன் கூப்பிட்டான்.

"வந்துச்சாத்தா?"

"இன்னும் வரலண்ணே."

இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்ன, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் ஒரு நல்ல வார்த்தை யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் காதுகுத்துக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது. இப்போது சொன்னால் உடனே ஊசி ஆரம்பிப்பார்கள். முடி கொட்டும். எழுந்து நிற்க முடியாது. அந்த நிலையில் அவனைக் கோயிலில் கொண்டுவந்து எப்படி உட்கார வைப்பது? அத்தை வேறு என்ன சொல்வாரோ. சீக்காளி மடியில் பிள்ளையை உட்காரவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அண்ணன் தாங்குவானா? அவனுக்காகத்தான் யோசிக்கிறேன்.

எட்டு வாரம் என்று டாக்டர் சொன்னது ஒரு கணக்குக்குத்தான் இருக்கும். ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் என்ன.

தென்றல் பெரிய மனுஷியாகிச் சடங்கு வைக்க இன்னும் ஒன்பது பத்து வருஷம் ஆகும். அதற்கும் தாய்மாமன்தான் வந்து நிற்க வேண்டும்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குரல் சின்னப் பெண் மாதிரி இருந்தது.

"மேடம், தவசிமுத்து அவங்க ரிப்போர்ட் டாக்டர் பாத்துட்டாங்க. திங்கக்கிழமை கூட்டிட்டு வரச் சொல்றாங்க. பதிமூணாம் தேதியோட எட்டு வாரம் முடியுதாம்."

வீட்டில் விசேஷம் இருக்கிறது, இருபத்து நாலாம் தேதிக்கு மேல் வருகிறோம் என்றேன்.

"பேஷண்ட்கிட்ட சொல்லிட்டீங்கள்ல மேடம்?"

சொல்லியாச்சு என்றேன். சரி, எழுதிக்கிறேன் என்றாள். எழுதிக்கொள்கிற சத்தம்கூடக் கேட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். அவராகவே ஆரம்பித்தார்.

"ஒங்கண்ணன் மொகம் வாடிக் கெடக்குதே. முடியலேன்னா வைகாசிக்கு வச்சுக்கிருவமா? காது எங்க ஓடிப்போகப் போகுது."

"பத்திரிகை அடிச்சாச்சே அத்தை."

"அடிச்சா என்ன? காகிதந்தான. மனுசன் முக்கியமா, காகிதம் முக்கியமா?"

மூன்றாவது தடவை தள்ளிப்போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று ஜோசியர் சொன்னதாகச் சொன்னேன். எந்த ஜோசியரையும் நான் பார்க்கவில்லை. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு மஞ்சள் தடவினார்.

அத்தை ஏதாவது சொல்வார் என்று ஐந்தாம் தேதி இதில் எழுதி வைத்திருந்தேன் இல்லையா, அதை அடித்துவிட்டேன். பிறகு அடித்ததும் சரியில்லை என்று தோன்றியது. அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 11, புதன்

அண்ணன் மறுபடி கேட்டான். இன்னும் வரலண்ணே.

போனை ஏன் எப்போதும் கவிழ்த்தே வைக்கிறாய் என்று அவர் கேட்டார். கண்ணாடியில் கீறல் விழுகிறது என்றேன். நிமிர்த்தி வைத்தால்தான் கீறல் விழாது என்றார். அதுவும் சரிதான்.

பிப்ரவரி 13, வெள்ளி

எட்டு வாரம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தேனிக்கு ஜவுளி எடுக்கப் போனோம். மதினி, நான், தென்றல். மதினிக்கு என்னைவிட ஆறு வயது கூட. அழகுமணி என்று பெயர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் புடவையின் ஜரிகையைத் தொட்டுப் பார்த்தே எந்த ஊர்த் தறி என்று சொல்லிவிடுவாள். தென்றலுக்கு அரக்குக் கலரில் பட்டுப்பாவாடை எடுத்தாள். மாமன் வீட்டுச் சீரில் வருகிற பாவாடை.

ஓட்டலில் பூரி சாப்பிடும்போது சொன்னாள். "வராம இருந்தா நல்ல சேதின்னு அர்த்தமாம்ல. ஒங்கண்ணே சொல்லுது. கெட்டதா இருந்தா ஆஸ்பத்திரிக்காரன் போன் மேல போன் போட்டுருப்பானாம். இப்பத்தேன் அது ஒழுங்கா ஒறங்குது பூங்கொடி. கடையத் தெறந்துட்டு, வந்து நல்லாச் சாப்புடுது. நீ இருக்கயில எங்களுக்கு என்ன."

தென்றல் கிழங்கைக் கீழே கொட்டினாள். நான் மேஜைக்கடியில் குனிந்து துடைத்தேன். துடைத்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

போட்டோக்காரருக்கு முன்பணம் கொடுத்தாச்சு. மாமன் மடிக் காட்சியை நன்றாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் தனியாக, அண்ணனும் தென்றலும், அண்ணனும் நானும், அண்ணன் சிரிக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

நன்றாக நடந்தது.

அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தான். சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்து தென்றலை மடியில் வாங்கிக்கொண்டான். நாவிதர் கத்தி வைக்கும்போது பிள்ளை அசையவே இல்லை. அத்தனை முடியும் அண்ணன் வேட்டியில் விழுந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசியதும் ஆள் மாறிப்போய் எல்லோரையும் முறைத்துப் பார்த்தாள்.

ஆசாரி கம்பியை எடுத்ததும் கேட்டாள். "மாமா, வலிக்குமா?"

"ஒனக்கு வலிச்சா மாமா காதக் கடிச்சிரு."

அவள் நிஜமாகவே கடித்துவிட்டாள். கோயிலே சிரித்தது. அண்ணன் ஒரு கையால் பிள்ளையையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தால் இன்னும் வயிறு இழுக்கிறதாம்.

அத்தை போட்டோக்காரரைச் சத்தம் போட்டார். "ஏம்ப்பா, காது குத்துறது பிள்ளைக்கா மாமனுக்கா? அவனையே சுத்திச் சுத்தி எடுக்குற?"

"அக்காதான் அப்படி எடுக்கச் சொன்னாங்க" என்று என்னைக் காட்டினார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். சும்மாதான் பார்த்திருப்பான்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டான். "நாளைக்காச்சும் ஆஸ்பத்திரிக்கு ஒரு போனப் போட்டுக் கேளு." சரி என்றேன்.

பிப்ரவரி 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் பஸ் பிடித்துக் கடைக்கே போனேன். அண்ணன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக் காயில் உருவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "என்னத்தா, நேத்துச் சோறு மிஞ்சிப்போச்சா? தூக்கிக்கிட்டு வந்திருக்க" என்றான். என் கையில் கைப்பை மட்டும்தான் இருந்தது.

"ரிப்போர்ட் வந்துருச்சுண்ணே."

கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் தேதி தெரியாதா? பெருவிரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"மூணுன்னு போட்ருக்கு."

"ஆமா."

"எந்த மாசம்?"

"இந்த மாசந்தான்."

"செவப்புல என்ன எழுதியிருக்கு?"

"இருக்குன்னு."

போனைத் திருப்பித் தரவில்லை. "எட்டு வாரம்னுல்ல சொன்னாக" என்றான்.

"காதுகுத்து முடியட்டும்னு நெனச்சேண்ணே. நீ நிம்மதியா..."

"எனக்கு நிம்மதி. சரி. ஒனக்கு?"

போனைப் பிரித்த மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சாகக் கெடக்குறவங்கிட்டத்தேன் சீர முந்தி வாங்கிக்கிருவாக, இருக்குறவங்கிட்டப் பெறகு வாங்கிக்கலாம்னு விட்ருவாக. நீ அன்னைக்கே என்னய முடிச்சுட்ட பூங்கொடி. முடிச்சுட்டு, இந்த ஒரு சீரு மட்டும் நிக்குதுன்னு மடியில ஒக்கார வச்சுக்கிட்ட. போட்டோவும் எடுத்தாச்சு."

"அப்படி இல்லண்ணே."

"பெறகு எப்படி?"

அந்த நேரம் ஒருவர் மோட்டார் கேட்டு வந்தார். "சாயங்காலம் வாங்கண்ணே, வார்னிசு காயல" என்று அவரிடம் சாதாரணமாகச் சொன்னான். அவர் போனதும் மதினிக்குப் போன் போட்டான். போட்டவன் எழுந்து கடைக்குப் பின்னால் போய்ப் பேசினான். நான் கேட்கக்கூடாது என்று போனானா, தெரியவில்லை. நான் என் போனை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

நான் அப்படி நினைக்கவே இல்லை என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 25, புதன்

மதுரைக்கு நானும் போனேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். டாக்டரம்மா அறையில் கதவோரமாக நின்றேன்.

அவர் என்னைத்தான் முதலில் கேட்டார். "விசேஷம்னு சொன்னீங்களாமே, என்ன விசேஷம்?"

அண்ணன் பதில் சொன்னான். "எம்மருமகளுக்குக் காதுகுத்துங்க. நாந்தான் தாய்மாமன்."

"அதுக்கா? கீமோ ஆரம்பிச்சிருந்தாலும் தாராளமா போயிருக்கலாமே. ரெண்டு ஊசிக்கு நடுவுல ஒரு வாரம் பத்து நாள் வீட்லதான இருப்பீங்க. இந்த மருந்துக்கு முடிகூட அவ்வளவா கொட்டாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா தேதியப் பாத்து நானே போட்டுக் குடுத்திருப்பேன்."

கேட்டிருந்தா. நான் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெண் போனில் கேட்டபோதுகூட, ஊசி போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகலாமா என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்று பயமா?

டாக்டரம்மா வெளியே வந்தபோது கேட்டேன், தாமதத்தால் என்ன ஆகும் என்று. டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. "பத்து வாரத்துல ஆரம்பிச்சு நல்லா இருக்கிறவங்களும் இருக்காங்க. தாமதமாக ஆகப் பலன் குறையும்கிறதும் உண்மை. உங்க அண்ணன் விஷயத்துல எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு யாராலயும் அளந்து சொல்ல முடியாதும்மா."

இத்தனை சின்ன வயதில் வந்திருப்பதால் குடும்பவழியாக வந்ததா என்று பார்க்க இன்னொரு ரத்தமும் எடுத்தார்கள். இந்தத் தடவை நம்பர் கேட்டபோது மதினி தன் நம்பரைச் சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, பத்து எண்ணையும்.

மருந்துக் கடை வாசலில் மதினி என்னிடம் பேசினாள். திட்டவில்லை. "எனக்கு எழுத்து தெரியாது பூங்கொடி. ஆனா அந்தக் காகிதம் எங்கைக்கு வந்திருந்தா, தெருவுல போற ஆளக் கூப்புட்டாச்சும் அன்னைக்கே வாசிச்சிருப்பேன்."

பிப்ரவரி 27, வெள்ளி

முதல் ஊசி. சரியாகப் பத்து வாரம்.

பிப்ரவரி 28, சனி

போட்டோக்கள் வந்துவிட்டன. நூற்று நாற்பத்திரண்டு. அதில் அறுபத்தொன்றில் அண்ணன் இருக்கிறான். தென்றலே ஐம்பத்தைந்தில்தான் இருக்கிறாள்.

ஒரு படத்தில் அண்ணன் தனியாக, பின்னால் ஒன்றுமில்லாமல், நேராகப் பார்த்துச் சிரிக்கிறான். பெரிதாக்கிச் சட்டம் போட வசதியான படம். போட்டோக்காரரிடம் இப்படி ஒன்று எடுக்கச் சொன்னது நான்தான். எதற்குச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் தேதியே தெரியும். அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்த கணத்தில், இவனைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனை நாள் இருப்பான் என்றுதான் தோன்றியது. அதற்குள் என்னென்ன ஆகவேண்டும் என்று வரிசை போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே கேன்சர் அப்பாவுடையது. அவர் ரிப்போர்ட் வந்த நாற்பதாவது நாள் போனார். அதனால் என்று எழுதலாம். எழுதினால் காரணம் மாதிரி இருக்கும். ரிப்போர்ட்டில் இருந்தது மிச்சம் இருக்கிறது என்பது மட்டும்தான். இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்பதை நான் சேர்த்து வாசித்தேன்.

அண்ணன் சொன்னது சரி.

மார்ச் 4, புதன்

தென்றலுக்கு இடது காது சீழ் பிடித்துவிட்டது. தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் போட்டேன். கேட்கவில்லை. மறுநாள் வரை பார்க்கலாம் என்று அத்தை சொன்னார். நான் கேட்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "இதுக்குப் போய் இப்படி ஓடியாறீங்களேம்மா" என்றார் டாக்டர்.

எங்கே ஓடவேண்டுமோ அங்கே ஓடாதவள்.

மார்ச் 8, ஞாயிறு

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றார். அதற்கப்புறம் தென்றலுக்குச் சோறு ஊட்டப் போய்விட்டார். நான் சொல்லியிருந்தால் இவர் அன்றைக்கே வண்டி எடுத்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை போலிருக்கிறது.

மார்ச் 14, சனி

அண்ணன் போனை எடுக்கவில்லை. மதினிக்குப் போட்டேன். "நேத்து ரெண்டாவது ஊசி முடிஞ்சது. குளுந்ததத் தொட முடியல. தண்ணிக்கொடத்தத் தொட்டாக் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்காம். கரண்டுக்காரனுக்கே கரண்ட் அடிக்குதுன்னு சொல்லிச் சிரிக்குது. வைக்கிறேன்." வைத்துவிட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

தென்றல் காது ஆறிவிட்டது.

மார்ச் 28, சனி

நேற்று மூன்றாவது ஊசி. நானாகக் கணக்குப் பார்த்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

இன்று காலை எட்டு மணிக்கு அண்ணன் வந்தான். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். டி.வி.எஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கினான். சித்திரை நெருங்குகிற வெயிலில் கையுறை, காதை மூடின மப்ளர். முகம் கறுத்திருந்தது. ஆனால் நடையில் தள்ளாட்டம் இல்லை.

"உள்ள வாய்யா" என்று அத்தை தண்ணீரோடு ஓடிவந்தார்.

"பச்சத்தண்ணி ஆகாதுத்தே. சுடுதண்ணி குடுங்க."

குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். முப்பத்தொன்பது நாள் கழித்து என்னிடம் பேசின முதல் பேச்சு இது:

"குடும்பவழியில வந்ததுதானாம். கூடப் பொறந்தவுகளுக்கும் பாதிக்குப் பாதி இருக்கலாம்னு டாக்டரு சொல்லுது. அப்பாவுக்கு வந்ததும் இதாத்தேன் இருக்கும்ங்குது. நீ ரத்தம் குடுக்கணும். இருந்தா வருசா வருசம் டியூப் விட்டுப் பாக்கணும். மொதல்லயே பாத்தா ஒண்ணும் பண்ணாதாம்."

எனக்கு என்னைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. தென்றல் பக்கெட்டில் கையை விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்கு இருந்தால் அவளுக்கும் பாதிக்குப் பாதி.

"எப்ப வந்துச்சுண்ணே?"

"நேத்துச் சாயங்காலம் ஆறு மணிக்கு. ஒம்மதினி பக்கத்து வீட்டு டீச்சரக் கூப்புட்டு வாசிச்சுருச்சு. ராத்திரியே வந்திருப்பேன், வண்டியில லைட்டு எரியல. இது போன்ல சொல்ற சேதியில்ல."

பதினான்கு மணி நேரம். நான் கணக்குப் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

"ஒனக்கு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன். கேட்கிற தகுதி இருக்கிறதா என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"போன வாரம் மறுபடி மிச்சம் பாக்குற அந்த ரத்தம் எடுக்கச் சொன்னேன், அவசரப்பட்டு. இத்தன சீக்கிரம் எடுத்தாச் சரியாத் தெரியாது, மே மாசம் எடுப்பம்னு சொல்லிருச்சு டாக்டரு. அதனால தெரியாது. ஒளிக்கல, தெரியாது."

வண்டியைத் திருப்பினான். "நாளைக்கு ஆறரை மணி பஸ்ஸு. நானும் வாரேன். மறந்துட்டேன், பிள்ளைக்குக் காய்ச்சல், விசேஷம் அது இதுன்னு எதையாச்சும் சொன்ன..." முடிக்கவில்லை. போய்விட்டான்.

ஏப்ரல் 4, சனி

ரத்தம் கொடுத்தேன். ஊசி குத்தும்போது அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வரவில்லை. அண்ணனுக்குச் சின்ன வயதிலேயே வந்ததால் டாக்டரம்மா என்னையும் டியூப் விட்டு ஸ்கோப் பார்த்துவிடச் சொன்னார், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல். வியாழக்கிழமைக்கு எழுதிக்கொடுத்தார். நான் சரி என்று சொல்வதற்குள் அண்ணன் வாசலிலிருந்து, "வருவா" என்றான்.

ஆனால் எழுத வந்தது போகும்போது நடந்தது.

பஸ்ஸில் அண்ணன் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தான். பக்கத்தில் இடம் இருந்தும் நான் போய் உட்காரவில்லை. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது காலைக் காற்று சில்லென்று உள்ளே வந்தது. அண்ணன் கையுறைக் கைகளை அக்குளுக்குள் சொருகிக்கொண்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு குறுகி உட்கார்ந்தான். நான் எழுந்து அவன் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினேன். காற்று நிற்கவில்லை. அதற்கு முன்னால் இருந்ததையும் மூடினேன். பிறகு எதிர்ப்பக்கம் போய் அங்கேயும் மூட ஆரம்பித்தேன்.

கூடைக்காரம்மா ஒருவர் என் கையைத் தட்டிவிட்டார். "ஏத்தா, நல்ல காத்து வருது, எதுக்கு அடைக்கிற? பஸ்ஸு ஒங்கப்பன் வீட்டுதா?"

"அண்ணனுக்குக் குளிரு ஆகாதும்மா. கேன்சருக்கு ஊசி போட்டிருக்கு."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தம்மா தன் ஜன்னலை இழுத்து அடைத்தார். பின்னாலும் ஒவ்வொன்றாக அடைகிற சத்தம் கேட்டது. பஸ் முழுக்கப் புழுங்க ஆரம்பித்தது.

அண்ணன் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னான்:

"இத மட்டும் ஊருக்கே ஒடனே சொல்லிரு."